தொண்டையில் இறங்கிய குழாயும் மேலே வந்த சமாச்சாரமும்

மயக்க மருந்து என்றால் தூங்க வைக்கிற மருந்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கம் வேறு, அது வேறு.

தூக்கத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று சுற்றியவன் நான். லாரிக்கு மேலே தூங்கியிருக்கிறேன், லாரிக்குக் கீழே தூங்கியிருக்கிறேன். காது கிழிய ஓடும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறேன். பெங்களூரில் ஓர் ஓட்டலில் வேலை செய்தபோது மாவு கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன் (மார்கழிக் குளிரில் அதன் மோட்டார் கதகதப்பாக இருக்கும்). எங்கே எப்படித் தூங்கினாலும் எழுந்ததும் 'தூங்கி எழுந்தோம்' என்று ஒரு நினைப்பு இருக்கும். மயக்க மருந்தில் அது கிடையாது. துணியைக் கத்தரித்து நடுவில் ஒரு முழத்தை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும். அந்த ஒரு முழத்தில் நாம் என்ன செய்தோம், என்ன பேசினோம் என்று நமக்குத் தெரியாது.

என்ன பேசினோம் என்று தெரியாமல் போனதுதான் என் கதை.

அப்போது எனக்கு முப்பது வயது. போர் வண்டி வேலையை விட்டுவிட்டு, கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். கரும்பு வெட்டப் போவேன், கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கப் போவேன், வேலை இல்லாத நாளில் கோமுகி அணைப் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி. சாப்பிட்டதும் வரும், முதுகுவரை குத்தும். அக்கா வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாள். வலி நிற்கவில்லை. இன்னும் கொடுத்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பையில் கல் என்றார்கள். இதற்கும் வாழைத்தண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். அதற்குள் ஒரு தோப்பையே குடித்து முடித்திருந்தேன்.

பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயிற்றைக் கிழிப்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை. உடம்பில் ஏற்கெனவே நாலைந்து இடத்தில் தையல் இருக்கிறது. எனக்கு இருந்த பயம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் குடும்பத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஒரே மகள், ரேவதி. கள்ளக்குறிச்சியில் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது சாதாரண விஷயம். அக்காவுக்கு அது சாதாரண விஷயம்கூட இல்லை, சத்தியம். தம்பி ஊர் ஊராகத் திரிகிறான், மகளைக் கட்டிவைத்தால் ஓரிடத்தில் உட்காருவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். மாடு அலைந்தால் கட்டுத்தறி அடிப்போமே, அந்த மாதிரி. அக்கா புருஷன் ஏழுமலை மாமா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. பொதுவாகவே அவர் வாய் திறப்பவர் இல்லை. சொந்தமாக ஒரு ஏக்கரில் கரும்பு, கோபம் வந்தால் கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. அவ்வளவுதான் அவரைப் பற்றி ஊருக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் ரேவதி என்னை அணைக்கரைக்கு வரச்சொன்னாள்.

"மாமா, நீ என்னக் கட்டிக்கப் போறியா?"

"எவ சொன்னா?"

"அம்மாதான். ஊரு பூரா சொல்லிக்கினு இருக்குது."

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவன் நான். என் ஒரே நல்ல சட்டையை அன்றைக்கு அவள் நனைத்ததை எடுத்துச் சொல்லி, அப்பேர்ப்பட்ட பெண்ணுக்குத் தாலி கட்ட என்னால் முடியாது என்றேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியில் முழுதையும் கொட்டிவிட்டாள். பையன் பெயர் பழனி. மலைமேல் வெள்ளிமலைக்காரன். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேன் ஓட்டுகிறவன். எனக்கே தெரிந்த பையன். நல்லவன். ஆனால் மலைக்காரர்கள் வேறு, நாங்கள் வேறு. கீழே இருந்து மேலே பெண் கொடுத்தவர்கள் யாரும் எங்கள் சொந்தத்தில் இல்லை.

"பரிச்ச முடியற வரைக்கும் வாயத் தொறக்காத மாமா," என்றாள் ரேவதி. "இப்ப தெரிஞ்சா அப்பா காலேஜ நிறுத்திடுவாரு. அம்மா அடுத்த முகூர்த்தத்துலயே ஒனக்குக் கட்டி வச்சிடும்."

அதாவது என் வாயில் இரண்டு பேர் வாழ்க்கை இருந்தது. அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு வந்தவர் யார்? ஏழுமலை மாமாதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசு அம்மா. வாயைத் திற என்றார், நாக்கை நீட்டு என்றார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார். ஆடுகிற பல் இருக்கிறதா, கட்டிய பல் இருக்கிறதா, பீடி உண்டா, மூச்சிரைப்பு உண்டா, முன்னால் எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். (சந்தையில் பல் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவர் இவரிடம் தோற்றுப்போவார்.) நடுராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அதுவரை எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

பிறகு சொன்னார். "நீங்க தூங்கினதும் மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு குழாய் வைப்போம். அந்த நேரத்துல நீங்களா மூச்சு விட மாட்டீங்க. மிஷின் காத்து குடுக்கும்."

நான் ஆடிப்போனேன். முப்பது வருஷமாக நான் யாரையும் கேட்காமல் செய்துவந்த ஒரே வேலை மூச்சு விடுவது. அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நிமிஷம் என் மண்டைக்குள்ளேயே நடந்தது. குழாய். காற்று. மிஷின். இது எனக்குத் தெரிந்த தொழில். போர் வண்டியில் நாங்கள் செய்வதும் இதுவேதான். குழாயை உள்ளே இறக்குவோம், கம்ப்ரசரில் காற்றை விடுவோம். விட்டால் என்ன ஆகும்? அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். தூசி, சேறு, கல், அந்தப் பூமி யாருக்கும் காட்டாமல் அடியில் வைத்திருந்த தண்ணீர், எல்லாம் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். இத்தனை வருஷத்தில் அடியில் இருந்தது அடியிலேயே இருந்துவிட்ட ஒரு கிணற்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இது மனுஷத் தொண்டைக்கும் பொருந்துமா என்று டாக்டரைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு, மயக்கத்தில் ரகசியம் வெளியே வருமா என்று எப்படிக் கேட்பது? மண்டையை மண்டையை ஆட்டினேன். புரிந்துகொள்கிற நோயாளி என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார் டாக்டர்.

மாமா டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம், மயக்கத்தில் ஆள் பேசுவானா என்று விசாரித்தேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். ஆலையில் ஓயாத இரைச்சலில் வேலை செய்த பழக்கத்தில், எதைச் சொன்னாலும் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"பேசுவானாவா? உள்ள இருக்கறதெல்லாம் வந்துடும் தம்பி," என்றார். அவருடைய சகலை ஒருத்தர் மயக்கம் தெளியும்போது, சங்கராபுரத்தில் வைத்திருந்த சின்ன வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லி, கதவைத் திற, கதவைத் திற என்றாராம். தலைமாட்டில் நின்றிருந்தது பெரிய வீட்டுக்காரி. "தையல் பிரிக்கறதுக்கு முன்னாலயே வூட்ட விட்டுத் தொரத்திட்டா."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

காலையில் முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே சரியான குளிர். கையில் ஊசி, விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒயர்கள். டாக்டரம்மா முகத்தின் மேல் ஒரு மாஸ்க்கை வைத்து, இது வெறும் ஆக்சிஜன், நன்றாக இழுத்து விடுங்கள் என்றார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் இழுத்தேன்.

"வாய எதுக்கு இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க?"

"டாக்டரம்மா, வாய்க்கு ஒரு பிளாஸ்திரி போட்டு ஒட்டிடுங்களேன்."

"ஒட்டத்தான் போறோம். குழாய் நகராம இருக்கணும் இல்ல."

என்ன ஒரு நிம்மதி. இந்த அம்மா தெய்வம் என்று நினைத்தேன். கையில் ஏதோ சில்லென்று ஏறியது. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். நாலு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது. (ஒன்பதாவதில் கணக்குப் பரீட்சையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வாங்கினேன்.)

அஞ்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ தோளைத் தட்டி, முடிஞ்சிடுச்சு, கண்ணத் தெறங்க என்றார்கள்.

என்ன முடிந்தது? இன்னும் எண்ணவே இல்லையே என்று சண்டை பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் யாரோ முள் வேலியை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. ஒரு நர்ஸ் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். தொண்டை வலியும் நடுக்கமும் எல்லோருக்கும் வருவதுதான், சரியாகிவிடும் என்றாள். எனக்கு வேண்டியது அது இல்லை.

"நான் எதாவது பேசினனா?" என்று காற்றுக் குரலில் கேட்டேன்.

"இதத்தாண்ணா பேசிக்கினே இருக்கீங்க. கண்ணு முழிச்சதுலருந்து இதே கேள்வி."

அப்படியானால் நான் பேசியிருக்கிறேன். எத்தனை முறை கேட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை என்றால், வேறென்ன சொன்னேன் என்பது எப்படித் தெரியும்? தள்ளுவண்டியில் வார்டுக்குப் போகிற வழியெல்லாம் கூரையில் ஓடிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டே, ரேவதி, மன்னிச்சுடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பெண்ணுக்காகக் கெஞ்சுவது ஒன்றுதான் பாக்கி.

"மாமா. ரேவதி மேல தப்பு இல்ல. பரிச்ச எழுத வுட்டுடுங்க."

என் தொண்டையிலிருந்து வந்தது சைக்கிள் டியூப் காற்று இறங்குகிற சத்தம் மட்டும்தான். மாமா திரும்பி, இன்னாடா என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். இன்னொரு தடவை சொன்னேன். அவருக்கு எட்டவில்லை. ஆனால் ஆலைக்காரருக்கு எட்டிவிட்டது. ஆலை இரைச்சலில் முப்பது வருஷம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவராம். உதவி செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் முழங்கினார்.

"ரேவதி மேல தப்பு இல்லியாம். பரிச்ச எழுதணுமாம்."

வார்டு பூராவும் திரும்பியது.

"அந்தப் பையனும் நல்ல பையன்தான் மாமா," என்று ஊதினேன்.

"அந்தப் பையனும் நல்ல பையன்தானாம்."

"குடிக்க மாட்டான்."

"குடிக்க மாட்டானாம்." அவரே சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார்: "இந்தக் காலத்துல கெடைக்கறது கஷ்டம்."

மாமா துண்டை வாயிலிருந்து எடுத்தார். "எந்தப் பையன்?" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் கண்ணை மூடி மறுபடியும் மயங்கியிருப்பான். சுற்றிலும் நர்ஸ்கள் இருந்தார்கள், வசதியாகத்தான் இருந்திருக்கும். நான் முகவரி சொன்னேன். வெள்ளிமலை பழனி, மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு வருவானே, மஞ்சள் வேன். ஆலைக்காரர் ஒரு சொல் விடாமல், வேனின் நிறம் உட்பட, ஒலிபரப்பினார்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பார்க்க வந்தார். எப்படி இருக்கிறது, வாந்தி வருகிறதா என்று கேட்டார். மயக்கத்தில் நான் என்னென்ன பேசினேன், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எப்படிப் பேசுவீங்க? குரல் வர்ற இடத்துல ரெண்டு நாண் இருக்கு. அதுக்கு நடுவுலதான் குழாயே போகுது. அது உள்ள இருக்கிற வரைக்கும் முக்கல் முனகல்கூட வராது. தெளியறப்போ சிலர் ரெண்டு வார்த்தை உளறுவாங்க. உள்ள இருக்கற ரகசியத்தை வரிசையா யாரும் சொல்றதில்ல."

"அப்ப எங்க மாமா ஏன் அப்படி உக்காந்திருந்தாரு?"

"ஓ, அவரா. எடுத்த பித்தப்பையையும் கல்லையும் தட்டுல வச்சிக் காட்டினாங்க. தலை சுத்திடுச்சு அவருக்கு."

கரும்பு வெட்டுகிற கத்தியோடு ஊரையே நடுங்கவைக்கிற மனுஷன், என் பித்தப்பையைப் பார்த்துக் கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். மருந்து என் வாயைத் திறக்கவில்லை. குழாயும் மிஷினும் என் ரகசியத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, முழுசாக என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. நன்றாகக் கண் விழித்து, நானாக, ஆள் வைத்து அறிவித்திருக்கிறேன்.

ரேவதியை எச்சரிக்க வேண்டும். என் போன் மாமாவின் சட்டைப்பையில் போய்விட்டது. ஆலைக்காரருடைய போனை வாங்கி அழைத்தேன். அவள் ஹலோ என்றாள். அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு என்றேன் நான். அவள் காதுக்கு வெறும் மூச்சுச் சத்தம் போயிருக்கிறது. வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன். "யார்ரா நீ, பொம்பளப் புள்ளைக்குப் போன் பண்ணி மூச்சு வுடறது? செருப்பு பிஞ்சிடும்." அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. ஒனக்குப் பதிலா நான் பேசட்டுமா என்றார் ஆலைக்காரர். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமாவுக்குப் பதில் அக்கா வந்தாள். அவருக்கு ஏதோ வேலையாம், நாளைக்கு வருகிறாராம். எனக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டே, உடம்பு தேறியதும் தை மாதத்தில் நாள் பார்க்கலாமா என்று கேட்டாள். பேச்சு வராததால் பிழைத்தேன். கத்தி வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் சைகையில் கேட்டேன். பழம் வேண்டுமா என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமா வந்தார். அக்காவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மலைக்குப் போய்ட்டு வந்தன்," என்றார்.

"அடிச்சிட்டீங்களா?"

"அடிக்கத்தான் போனன்."

அதற்குப் பிறகு அவர் பேசியது, அவருக்கும் எனக்கும் பழக்கமான இத்தனை வருஷத்தில் அவர் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத அளவு. பழனி வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ கழற்றிக்கொண்டிருந்தானாம். கால் மட்டும்தான் வெளியே தெரிந்ததாம். காலை எப்படி அடிப்பது என்று நின்றாராம். வெளியே வந்தவன் இவரைப் பார்த்ததும் ஓடவில்லை. கிரீஸ் கையோடு நின்று, நானே வந்து கேக்கணும்னு இருந்தன், பரிச்ச முடியட்டும்னு பாத்தன் என்றானாம். அவன் அம்மா சாமைச் சோறு போட்டாளாம்.

"சாப்ட்டீங்களா?"

"பசிச்சுது," என்றார். பிறகு அவராகவே, "ஒங்கக்கா மூணு வருசமா ஒன்ன மாப்ளன்னு கூப்புட சொல்லி உயிர எடுக்கறா. எனக்கு வாயில வரல மச்சான். நீ நல்லவன்தான். ஆனா இன்னிக்கு ஒரிசா, நாளைக்கு ஆந்திரான்றவனுக்கு எப்பிட்றா பொண்ணு குடுக்கறது? அவகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் தூங்கி எத்தினி நாளாவுது."

அந்த ஆஸ்பத்திரியில் நான் வாங்கிய அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. மாதக்கணக்காக இந்தப் பெண்ணை என்னிடமிருந்து காப்பாற்ற நான் தவித்துக்கொண்டிருக்கிறேன். என்னை வேண்டாம் என்று சொல்ல இன்னொருத்தர் ஏற்கெனவே வரிசையில் நின்றிருக்கிறார். உண்மையைச் சொன்னால், வயிற்றில் போட்ட தையலைவிட அது ஜாஸ்தியாக வலித்தது.

"அப்ப பழனிக்குக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

"அத நான் சொல்லல. பரிச்ச எழுதட்டும். அப்பறம் பாப்பம்." எழுந்தார். "ஒங்கக்காகிட்ட நீதான் சொல்லணும். எனக்கு அவகிட்ட பயம்."

குரல் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் இன்னும் சில நாள் ஊதிக்கொண்டே இருந்து பார்த்தேன். பிறகு சொன்னேன். அக்கா எனக்காக வைத்திருந்த ரசத்தைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து, அடுத்த பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. ரேவதி பரீட்சை எழுதினாள், பாஸானாள். கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் பந்தலை நிரப்பிவிட்டதால் அது வெளியே தெரியவில்லை. தாய்மாமன் சீரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பழனி என்னைப் பார்த்து, கனமா இருக்குதா மாமா, தையல் பாத்துக்குங்க என்றான்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போதும் ஊர் சுற்றுகிறேன், பித்தப்பை இல்லாமல். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் ஒரு விஷயத்தையும் சொல்வதில்லை. நிலம் பார்க்கப் போவது, பெண் பார்க்கப் போவது, யாருக்கு யாரோடு மனஸ்தாபம், எல்லாம் ஊருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு. நான் உள்ளே நுழைந்தால், மாமன் முழிச்சிக்கினு இருக்கான், அப்பறம் பேசிக்கலாம் என்பார்கள். ஏழுமலை மாமாகூட. அதுவும் என் முகத்துக்கு நேராக.

போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ரேவதி மலையிலிருந்து வந்திருந்தாள். அக்காவிடம் ஏதோ மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். மாமன் படுத்திருக்கான் என்றாள் அக்கா.

"தூங்குதும்மா," என்றாள் ரேவதி. "தூங்கும்போது மாமா ரொம்ப நம்பிக்கையான ஆளு."

அசையாமல் கிடந்தேன். அவளுக்கு இரண்டாவது குழந்தை உண்டாகியிருக்கிறதாம். மூன்று மாதம் முடிகிறவரை வெளியே யாருக்கும் தெரியக் கூடாதாம். (எழுதிவிட்டேனா? சரி, நீங்களாவது யாரிடமும் சொல்லாதீர்கள்.)